தையலுக்கு விட்ட நாலு அங்குலம்

நகராட்சி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் புதன்கிழமை காலை மட்டும் ஒரு மேசைக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட நினைப்பவர்கள், மாடி எழுப்ப நினைப்பவர்கள் எல்லாரும் அனுமதிக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அங்கே வந்து யோசனை கேட்டுக்கொள்ளலாம். இது நடக்கும், இது நடக்காது, இதை இப்படி மாற்றினால் நடக்கும் என்று மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரியம்மா சொல்லிவிடுவார். மாதக்கணக்கில் அலைந்து கடைசியில் இல்லை என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஊரில் பாதிப் பேர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. நகராட்சிக்காரர்களிடம் நாமாகப் போய் வாயைக் கொடுப்பானேன் என்ற பயம்தான்.

தையல்காரரும் அந்தப் பாதியைச் சேர்ந்தவர். அறுபத்து மூன்று வயதுக்குள் அவர் நகராட்சிக்குப் போனது மூன்று தடவை, மூன்றும் சாவுச் சான்றிதழ் வாங்க. அப்படிப்பட்டவரைப் பழுப்புக் காகிதச் சுருளோடு அந்த வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்தது, அவர் மனைவி சொன்ன ஒரு பேச்சு.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கணவனும் மனைவியும் படுப்பது மாடியில். கீழே முன்னறையில் தையல் கடை, அதற்குப் பின்னால் சமையலறை, அதையும் தாண்டினால் கழிப்பறை, பிறகு காலி இடம். மாடிப்படியோ நடுவில் ஒடிந்து திரும்பும் குறுகல் படி. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் எதிர்வீட்டுத் தச்சரும் பின்னால் தையல்காரருமாகத் தூக்கி இறக்குவார்கள். திருப்பத்தில் நாற்காலி சாயும். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விளங்குகிற இடது கையால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். போன மாதம் அந்தத் திருப்பத்தில் தச்சருக்குக் கால் வழுக்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாடிக்குத் திரும்பிக் கட்டிலில் படுத்த பிறகு அவள் சொன்னாள்:

“என்னங்க, இனிமே என்னை ஆஸ்பத்திரிக்கெல்லாம் தூக்க வேண்டாம். இறக்கறதா இருந்தா ஒரே தடவையா இறக்குங்க, போதும்.”

எந்தத் தடவையைச் சொல்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவளுடைய மரத்துப்போன பாதத்தை வெகுநேரம் பிடித்துவிட்டார். முப்பத்து நாலு வருஷம் அவர் தைத்த சட்டைக்கெல்லாம் காஜா போட்டுப் பொத்தான் கட்டியவள் அவள். மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் மெல்லிய குரலில் ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்தவள். இப்போது மாடி ஜன்னல் வழியாக அவளுக்குத் தெரிவதெல்லாம் பின்பக்கக் காலி இடமும் ஒரு சுவரும்தான். அந்தக் காலி இடத்தில் கீழ்த்தளத்தோடு ஒட்டினாற்போல் ஓர் அறை கட்டிவிட்டால் படியே வேண்டாம். சக்கர நாற்காலியில் அவள் தானே நகரலாம். இதுதான் தையல்காரரின் திட்டம். அவருக்கு இதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

அவர் முறை வந்தது. அதிகாரியம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி ஒரு கயிற்றில் கழுத்தோடு தொங்கியது.

“வாங்க ஐயா. என்ன கட்டப் போறீங்க?”

தையல்காரர் விஷயத்தைச் சொன்னார். மனைவியின் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் விழுங்கி விழுங்கிப் பேசினார். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“கீழ முன்னறை இருக்குன்னீங்களே. அதையே அவங்களுக்குக் கொடுத்துட்டா? அதுக்கு எங்ககிட்ட ஒரு அனுமதியும் வேண்டாமே. கழிப்பறையும் கீழதான் இருக்கு.”

“அது கடைங்க.”

“கடைதான். ஆனா வீட்டுக்குள்ள இருக்கற கடை. நீங்க மாடில தச்சுக்கலாம். வீட்டுக்குள்ள மெஷின் மிதிக்கறதுக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க.”

“மேடம், முப்பத்து நாலு வருஷமா அந்த போர்டு அங்கதான் தொங்குது,” என்றார் தையல்காரர் வெடுக்கென்று. “நான் அறை கட்டறதைப் பத்திக் கேட்க வந்தேன். கடையைக் காலி பண்றதைப் பத்திக் கேட்க வரல.”

வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசுவது அவர் வழக்கம். பேசிய பிறகு வருந்துவதும் வழக்கம்தான், ஆனால் வருத்தத்தை வெளியே காட்டி அவருக்குப் பழக்கமில்லை. அதிகாரியம்மா ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “சரி, படத்தைக் காட்டுங்க,” என்றார்.

அவர் சுருளைப் பிரித்து, நாலு மூலைக்கும் மேசையில் இருந்த பொருட்களை எடுத்து வைத்தார். சட்டைக்கு மாதிரி வெட்டுகிற அதே பழுப்புக் காகிதம். அதில் பென்சிலால் அறை, கட்டில், சக்கர நாற்காலி திரும்புகிற வட்டம் எல்லாம் வரைந்திருந்தார். வரைந்தது சுத்தமாக, பார்க்க அழகாகவே இருந்தது.

“நல்லா போட்டிருக்கீங்க. எதால அளந்தீங்க?”

“தச்சர்கிட்ட ஸ்டீல் டேப் கடன் வாங்கினேன். துணி டேப்பால அளக்கக் கூடாதுன்னு உங்க நோட்டீஸ்ல போட்டிருந்துச்சே.”

“ரொம்ப சரி. எல்லைச் சுவருக்கும் உங்க அறைக்கும் நடுவுல மூணு அடி விடணும். விட்டிருக்கீங்க. அறை பதினோரு அடி நாலு அங்குலம். ஆக மொத்தம் பதினாலு அடி நாலு அங்குலம்.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தையல்காரர் கொண்டுவந்திருந்த பாகப் பத்திரத்தின் நகலைப் பார்த்தார். “ஆனா இதுல மொத்த அகலம் இருபத்தெட்டு அடி, ரெண்டு சம பாகம்னு இருக்கு. உங்க பாகம் பதினாலுதானே. நாலு அங்குலம் எங்கிருந்து வந்தது?”

“எழுதறவங்க முழு அடியா எழுதியிருப்பாங்க. நிலம் கொஞ்சம் தாராளமா இருந்திருக்கும்.”

உண்மையில் அந்த நாலு அங்குலத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டிலையும் நாற்காலியையும் போட்டுப் பார்த்தபோது தேவைப்பட்டது சரியாக அவ்வளவுதான். நமக்குச் சாதகமாக வருகிற அளவை இரண்டாம் தடவை அளந்து பார்க்கிறவர் எத்தனை பேர்? தையல்காரரும் டேப்பைச் சுருட்டித் தச்சரிடம் கொடுத்துவிட்டார்.

அதிகாரியம்மா படத்தின் மேல் குனிந்தார். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே ஓடிய இன்னொரு புள்ளிக்கோட்டை விரலால் தொட்டார்.

“இது என்னங்க? சுவரோட கனமா?”

தையல்காரர் அப்போதுதான் அதைக் கவனித்தார். அறையைச் சுற்றி, காலி இடத்தைச் சுற்றி, சக்கர நாற்காலியின் வட்டத்தைச் சுற்றிக்கூடப் புள்ளிக்கோடு போட்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அது தையலுக்கு விட்டதுங்க. துணியை அளவோட வெட்டிட்டா தைக்க முடியாது பாருங்க. ஓரத்துல ஒரு அங்குலம் விடணும், கீழ மடிப்புக்கு ரெண்டு அங்குலம். கை பழகிப் போச்சு, தன்னால வந்துடுது.”

அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, எந்த உள்நோக்கமும் இல்லாமல், “நிலத்தை அளந்தாலும் விடுவீங்களா?” என்றார்.

தையல்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா விட்டுப்போன வீட்டை அவரும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். வீடு ஏற்கெனவே இரண்டாகக் கட்டப்பட்டதுதான். பின்பக்கக் காலி இடத்தில் மட்டும் நடுவே ஒரு சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. ‘அண்ணன் அளந்தா போதும், அவரைவிட அளவு தெரிஞ்சவர் யாரு’ என்று சொன்னது தம்பிதான். அவர் கழுத்தில் எப்போதும் தொங்கும் துணி டேப்பை எடுத்துக் குனிந்து அளந்தார். அறுபது அங்குல டேப். பதினாலு அடிக்கு அதை மூன்று தடவை போட வேண்டும். முதல் தடவை போட்டு, நுனியில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, அடுத்ததை அதற்கு அந்தப்பக்கம் ஒரு விரல் தள்ளித் தொடங்கினார். மறுபடி கோடு, மறுபடி ஒரு விரல். கடைசிக் கோட்டை மடிப்புக்கு இரண்டு விரல் தள்ளிக் கிழித்தார். கொத்தனார் அந்தக் கடைசிக் கோட்டில் நூல் பிடித்துச் சுவரை எழுப்பிவிட்டார். இப்போது அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபடி, பதினோரு வருஷத்துக்கு முந்தைய தன் கையைத் தையல்காரர் தெளிவாகப் பார்த்தார். ஒன்று, ஒன்று, இரண்டு. நாலு அங்குலம்.

“பக்கத்து வீடு யாரோடது?” என்று கேட்டார் அதிகாரியம்மா.

“தம்பியோடது.”

“அப்ப பிரச்சனை இல்லையே. பேசிக்கலாமே.”

“தம்பி இல்லீங்க. ரெண்டு வருஷமாச்சு. அவன் சம்சாரம் இருக்கு.” கொஞ்சம் பொறுத்து, “பேச்சுவார்த்தை இல்ல,” என்றார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“ஐயா, இது வெறும் யோசனைதான். இந்த மேசைல பேசறது எதுவும் ஃபைல்ல ஏறாது. விண்ணப்பம்னு போட்டுட்டீங்கன்னா ஆள் வந்து அளப்பாங்க, அளந்ததை எழுதுவாங்க. சுவர் நாலு அங்குலம் தள்ளி இருந்தா அதையும் எழுதித்தான் ஆகணும். உண்மையான எல்லைல இருந்து பார்த்தா உங்க அறைக்கு நாலு அங்குலம் பத்தாது. ஒரு வழி இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதக் கடிதம் கொடுத்தா மூணு அடிக்குப் பதிலா ரெண்டரை அடி விட்டாப் போதும். அவங்க ஒரு கையெழுத்துப் போட்டா உங்க அறை நிக்கும்.”

“போடலேன்னா?”

“முன்னறை இருக்கு,” என்றார் அவர்.

ஒரு மஞ்சள் சீட்டில் மூன்று நாலு வரி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். யோசனை கேட்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற சீட்டு. தையல்காரர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். எழும்போது நன்றி சொல்ல மறந்துவிட்டார். வாசல்வரை போய், திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வழியெல்லாம் அவருக்குத் தம்பியின் முகம். சுவர் எழும்பி ஒரு வாரம் கழித்து அவன் புதிதாக ஒரு ஸ்டீல் டேப் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தான். பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தான். கடையில் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

“அண்ணே, என் பக்கம் அளந்து பார்த்தேன். நாலு அங்குலம் குறையுது. ஒரு தடவை வந்து பாருங்களேன்,” என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

தையல்காரர் துணியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “இருபது வருஷத்துக்கு மேல ஊருக்கே அளவெடுக்கறேன். சட்டை இறுக்கிப் பிடிக்குதுன்னு ஒருத்தன் திரும்பி வந்ததில்ல. டிக்கெட் கிழிக்கறவன் நீ, எனக்கு அளவு சொல்லித்தர வந்துட்டியா?” என்றார். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். தம்பி டேப்பைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அந்தக் கடைப் படியை அவன் மிதிக்கவில்லை. இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவே பத்து அடிகூட இருக்காது. ஒன்பது வருஷம் இருவரும் அந்தப் பத்து அடிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாழ்ந்தார்கள். அவன் போன அன்றைக்கும் தையல்காரர் கேட்டுக்கு வெளியேதான் நின்றார். உள்ளே யாராவது வாங்க என்று கூப்பிடுவார்கள் என்று நின்றார். சாவு வீட்டில் யார் யாரைக் கூப்பிடுவார்கள்? எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டுக்கு வந்து, அன்று சாயங்காலமே மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

நகராட்சியிலிருந்து திரும்பிய அன்று மதியம் மனைவிக்கு ஸ்பூனால் சோறு ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் மென்றுகொண்டே கேட்டாள். பேச்சு இப்போது அவளுக்கு மெதுவாகத்தான் வரும்.

“அவகிட்ட போய்க் கையெழுத்துக் கேட்கப் போறீங்களா?”

“உனக்காகக் கேட்கணும்ல.”

“எனக்காகக் கேட்காதீங்க,” என்றாள். “முதல்ல தப்பா அளந்துட்டேன்னு சொல்லுங்க. அதைச் சொல்லிட்டு வந்தாப் போதும்.”

பத்து அடிதான் தூரம். சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, தெருவில் இறங்கி, மறுபடி வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஒருவழியாகப் போய்க் கதவைத் தட்டினார். தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள், தோள் பையைக்கூட இறக்கவில்லை. கதவைத் திறந்து அவரைப் பார்த்தவள், வாங்க என்றும் சொல்லவில்லை, வழியை விட்டு விலகவும் இல்லை.

“அக்காவுக்கு ஏதாவதா?” என்றாள். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டாள்.

“இல்லம்மா. அவ நல்லாத்தான் இருக்கா.” அவர் வாசல்படியிலேயே நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. “அந்தச் சுவரு. நான் தப்பா அளந்துட்டேன். தையலுக்கு விடற மாதிரி விட்டு அளந்திருக்கேன். நாலு அங்குலம் உங்களோடது. அவன் சொன்னது சரி. நான்தான்…”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அது நடந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். வெளிறிப்போன மஞ்சள் சீட்டு. அதே முத்திரை. தேதி பதினோரு வருஷத்துக்கு முந்தையது. ‘சுவர் எல்லையிலிருந்து நாலு அங்குலம் தள்ளிக் கட்டப்பட்டுள்ளது. மனு அளித்தால் அகற்றி, எல்லையில் கட்ட உத்தரவிடப்படும்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். சீட்டோடு சேர்த்து ஒரு மனுப் படிவமும் இருந்தது. அதில் தம்பியின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. மற்ற இடமெல்லாம் காலி.

“மாமா, நீங்க அப்படிச் சொல்லி அனுப்புனீங்களே, அதுக்கு அடுத்த புதன்கிழமை லீவு போட்டுட்டுப் போய்க் கேட்டாரு,” என்றாள் அவள். “மனு போடு, ஒரு மாசத்துல இடிச்சுடுவாங்கன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்து பேரை எழுதினாரு. அதோட பேனாவை மூடி வெச்சுட்டாரு. நான் விடல. போடுங்க, போடுங்கன்னு தினமும் சண்டை பிடிச்சேன்.”

“ஏம்மா போடல?”

“ஆள் விட்டு இடிச்சா அண்ணன் அப்புறம் இந்த வாசல் பக்கமே வர மாட்டாருன்னாரு. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் எதுக்காவது அவரே அளப்பாரு, அளந்தா தெரிஞ்சுக்குவாரு, தெரிஞ்சா தானா வருவாருன்னாரு. உங்க மெஷின் சத்தம் கேட்கறப்பெல்லாம் ரேடியோவைக் குறைச்சு வைப்பாரு. நாலு அங்குலம் அவருக்குப் பெரிசில்ல. டிக்கெட் கிழிக்கறவன்னு சொன்னீங்களே, அதுதான் அவருக்குப் போகவே இல்ல.” அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “நீங்க வருவீங்கன்னு சொன்னாரு. வந்துட்டீங்க. அவர்தான் இல்ல.”

தையல்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். தம்பியின் சாவுக்கு அழாத மனிதர், இரண்டு வருஷம் கழித்து, தெரு பார்க்க, அந்த வாசலில் நின்று அழுதார். சைக்கிளில் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகுதான் அவள் வழியை விட்டு விலகி, “உள்ள வாங்க மாமா,” என்றாள்.

கூடத்தில் தம்பியின் படம் மாட்டியிருந்தது, காக்கிச் சட்டையோடு. அவர் அதற்கு எதிரே உட்கார்ந்தார். அவள் கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அறை கட்டும் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார். தன் பையில் இருந்த புதுச் சீட்டையும் காட்டினார். அவள் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

“அக்காவுக்குத்தானே,” என்றாள். “கடிதத்தைக் கொண்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்.”

இதைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். ஒரு கையெழுத்து, அறை நின்றுவிடும். ஆனால் அது காதில் விழுந்ததும் அவர் தம்பியின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். தம்பியிடம் தெரியாமல் எடுத்த நாலு அங்குலம் ஒரு பக்கம் இருக்க, இப்போது தெரிந்தே இவளிடம் இன்னொரு நாலு அங்குலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வதா? அதுவும் தன் கடையை அசைக்க மனமில்லாமல்? காலையில் அந்த மேசையில் தான் எரிந்து விழுந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. முன்னறையை மனைவிக்குக் கொடுத்தால் என்ன என்று யாரோ ஒரு அந்நிய மனுஷி முதல் நிமிஷத்தில் கேட்டுவிட்டாள். ஏழு மாதமாகத் தனக்கு அது ஏன் தோன்றவில்லை? தோன்றியிருந்தது. அதுதான் வெட்கம். தோன்றியபோதெல்லாம் அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு மெஷினை மிதித்திருந்தார்.

“வேண்டாம்மா,” என்றார். “நீ கையெழுத்துப் போட வேண்டாம்.”

“அப்ப அக்கா?”

“அக்காவுக்கு முன்னறை இருக்கு. இத்தனை நாளா என் கட்டிங் மேசை அதுல படுத்துக் கிடந்துச்சு.” தண்ணீரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். “சுவரை மட்டும் சரியான இடத்துல வெச்சுடறேன். அவன் வாங்கின டேப் இருக்கா?”

இருந்தது. காக்கிச் சட்டைகளோடு சேர்த்து எடுத்து வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அளந்தார்கள். இந்தத் தடவை அவர் அளக்கவில்லை. டேப்பின் தலைப்பைத் தன் வீட்டுச் சுவரில் அவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, தம்பி மனைவிதான் நீட்டிக்கொண்டு போய், பதினாலு அடியில் கோடு போட்டாள். “மாமா, இங்க வந்து பாருங்க, சரியா இருக்கா?” என்று கூப்பிட்டாள். “நீ போட்டா சரிம்மா,” என்றார் அவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் தம்பி அவரிடம் சொன்ன வார்த்தை ஏறக்குறைய அதுதான். மாடி ஜன்னலிலிருந்து அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரை இடித்துத் தள்ளிக் கட்டக் கொத்தனாருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நாலு அங்குலத்துக்காக ஒரு நல்ல சுவரை இடிக்கிற பைத்தியக்காரத்தனத்தை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம். அதைத் தெருமுழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தையல்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் கடையைக் காலி செய்தார்கள். போர்டைக் கழற்றியபோது சுவரில் அந்த இடம் மட்டும் புதுசு மாதிரி பளிச்சென்று இருந்தது. கட்டிங் மேசை படியில் ஏறவே மாட்டேன் என்றது. தச்சர் அதை நடுவில் அறுத்து இரண்டாக்கினார். ஒரு பாதி மெஷினோடு மாடிக்குப் போனது. இன்னொரு பாதி கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், மருந்தும் தண்ணீரும் வைக்கலாம் என்றார் தையல்காரர். பொத்தான் டப்பாவையும் அதன் மேல் வைத்தார். இனிமேல் வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று அளவு கொடுக்க வேண்டியதுதான், தைப்பது மேலே. வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டுவிட்டார். தரையின் விரிசல் இடுக்குகளிலிருந்து குண்டூசிகளைக் காந்தம் வைத்து எடுக்கவே அவருக்கும் தம்பி மனைவிக்கும் ஒரு காலைப்பொழுது ஆயிற்று. ஒன்றுகூட இருக்கக் கூடாது, அக்காவுக்குக் காலில் உணர்ச்சி இல்லை, குத்தினாலும் தெரியாது என்று அவள் மறுபடியும் மறுபடியும் துழாவினாள்.

அன்று பிற்பகல் மனைவியை மாடியிலிருந்து இறக்கினார்கள். முன்னால் தச்சர், பின்னால் தையல்காரர். திருப்பத்தில் தம்பி மனைவி கீழேயிருந்து ஏறி வந்து நாற்காலியின் காலைத் தாங்கிக்கொண்டாள். ஒன்பது வருஷப் பேச்சின்மையும் அதற்கு மேல் இரண்டு வருஷத் துக்கமுமாகப் பிரிந்திருந்த இரண்டு பெண்களும் அந்தக் குறுகல் படியில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். மேலே இருந்தவளின் இடது கை சுவரை விட்டுவிட்டு, கீழே இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டது.

முன்னறைக்குள் வந்ததும் அவள் சுற்றிலும் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். மேசைக் கால்கள் முப்பத்து நாலு வருஷம் அழுத்திப் பதிந்த நாலு தடத்தையும் பார்த்தாள். பாதி மேசையில் இருந்த பொத்தான் டப்பாவை இடது கையால் தொட்டாள். திறந்த கதவு வழியாகத் தெரு தெரிந்தது.

தையல்காரர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் பாதங்களை நேராக எடுத்து வைத்தார்.

“ஒரே தடவையா இறக்கினா போதும்னியே,” என்றார். “இறக்கியாச்சு.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“முதல்லயே இறக்கியிருக்கலாமேங்க,” என்றாள்.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற தம்பி மனைவி அதைக் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து, நாற்காலியைத் தெரு நன்றாகத் தெரியும்படி திருப்பி வைத்தாள்.